அப்பம் பிட்கும் நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு, கொரிந்துவிலிருந்து மெலித்தா வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நானும் மகனும் நலம்.

நான் கிறிஸ்தவர்களோடு சேர்ந்துவிட்டதாக யாராவது சொன்னால் பதறாதே. பெண் பிறந்தது என்று என் வீட்டுக்காரர் கையில் தூக்க மறுத்து, குப்பைமேட்டில் போடச் சொன்னாரே, அவள் சாகவில்லை அம்மா. அம்மியா என்ற சாயக்காரி எடுத்து வளர்க்கிறாள். அப்படி எடுத்து வளர்ப்பது கிறிஸ்தவர்களுடைய வழக்கம். காதோர மச்சத்தைப் பார்த்துக் கண்டுகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாராவாரம் அவர்கள் கூட்டத்துக்குப் போகிறேன். “இந்தா, நீயே தூக்கிக்கோடி! உன்னைத்தான் அம்மான்னு நெனச்சிருக்கா போல, கழுதை!” என்று அம்மியா சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் வழிபாட்டில் அப்பம் பிட்டுப் பகிரும் நேரம் வந்தால், நீரில் மூழ்கி அவர்கள் மதத்தில் சேரும் முழுக்குப் பெறாதவர்கள் வெளியேற வேண்டும். குழந்தையைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். உள்ளே அவள் அழுவது கேட்கும்.

முழுக்குப் பெற்றால் நானும் உள்ளே இருக்கலாம். ஆனால் அவர் என்னை விரட்டிவிடுவார், மகனைத் தரமாட்டார்.

மகனுக்கு என்று சொல்லி ஒரு கம்பளிச் சட்டை அனுப்பு. சின்னதாக இருக்கட்டும்.

அவர் வந்துவிட்டார், முடிக்கிறேன். அவளுக்கு ஐரீனே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் உன் பெயரை வைக்க நினைத்திருந்தேன்.