பனியில் கழற்றிக் காட்டிய பூட்டு

வால்டம், ஃப்ரீஸ்லாந்து
9 அக்டோபர் 2016

அன்புள்ள வீப்ரன்,

நேற்று ரயில் நிலையத்தில் நான் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு" என்றேன். நல்லா இல்லை. நீ செய்துகொடுத்த முழங்கால் தாங்கியின் பூட்டு தேய்ந்துவிட்டது. நிற்கும்போது பிடிப்பதில்லை. நீண்ட கோட்டுக்குள் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தேன். உன் அம்மாவின் பிறந்தநாளில், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எல்லோரும் எழுந்து எழுந்து வாழ்த்துச் சொன்னபோது நான் மட்டும் உட்கார்ந்தே கை கொடுத்தேன். திமிர் என்று உன் அத்தை நினைத்திருப்பாள்.

டாக்கும் நகரக் கடைத்தெருவில் கால் கருவிகள் விற்கும் அவ்கெ, உன் தாங்கியைப் போலவே சிலருக்குச் செய்துகொடுத்தான். எனக்கும் ஒன்று செய்துகொண்டிருந்தான். அதற்குள் உன் கம்பெனியின் வக்கீலிடமிருந்து ஓலை வந்துவிட்டது: காப்புரிமை எங்களுடையது, நிறுத்து. அவ்கெ கடை அதிரக் கத்தினான். "அவனுங்களும் செய்ய மாட்டானுங்க, நம்மளையும் செய்ய விடமாட்டானுங்க. இதுக்குப் பேரு கண்டுபிடிப்பா, கல்லறையா?"

உன் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். உரிமைத்தொகை கேட்டால் கட்டிவிடுகிறேன் என்கிறான் அவ்கெ.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. அது இன்னும் பேனாவுக்கு வரவில்லை.

உன்,
ஹிஸ்கெ


முனிச்
30 அக்டோபர் 2016

என் ஹிஸ்கெ,

சைக்கிள் டியூபா! என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று திட்டத்தான் உட்கார்ந்தேன். உன்னைத் திட்ட எனக்கு வராது என்பது உனக்கே தெரியும்.

கேட்டேன். மேலதிகாரி சிரித்துவிட்டார். "நம்ம மோட்டார் வச்ச தாங்கி வரப்போகுது. அது பத்து மடங்கு விலை. இந்த மலிவு சாமான நாமளே சந்தையில விட்டா அத எவன் வாங்குவான்?" என்னிடமிருந்து வாங்கியதே யாரும் செய்யாமல் இருக்கத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விற்ற அன்று நான் கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன், நினைவிருக்கிறதா?

தேயாத பூட்டு ஒன்றை யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் அது பழைய பூட்டின் மேல் நிற்பது. பழையது அவர்களுடையது. என் தலைக்குள் இருக்கிற ஒன்றை என் கையால் செய்ய எனக்கு அனுமதி இல்லை. இங்கே யாரும் இதை வேடிக்கையாக நினைப்பதில்லை.

நீ இங்கே வந்துவிடு. வசந்தத்தில் எனக்குப் பதவி உயர்கிறது. லிஃப்ட் உள்ள வீடு பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு செஸ்ட்நட் மரம். உன் புத்தகங்களுக்காக ஒரு சுவரை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும். அவ்கெ காப்புரிமையை எதிர்த்து வழக்குப் போடுவான் என்கிறார்கள். காப்புரிமைக்கு நான் மனுப் போடும் முன் வெளியாட்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை நம்பித்தான் வாங்கினார்கள். யாரும் பார்க்கவில்லைதானே?

உன்னுடைய,
வீப்ரன்


வால்டம்
14 நவம்பர் 2016

அன்புள்ள வீப்ரன்,

பார்த்தார்கள்.

2012 பிப்ரவரி. மனு உன் மேசையில் தயாராக இருந்தது. கால்வாய் உறைந்துவிட்டது என்று தெருவில் யாரோ கத்தினார்கள். மனுவை அனுப்பிவிட்டுப் போகலாம் என்றேன். "மனு எங்க போகப்போகுது? ஐஸ் போயிடும்!" என்றாய். இந்த ஊரில் பிறந்த வேறு யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். தாங்கியை என் காலில் மாட்டி, சறுக்குக் காலணியின் நாடாவை நீயே கட்டினாய். பதினாறு வயதில் வந்த காய்ச்சல் என் காலின் பலத்தை எடுத்துக்கொண்ட பிறகு அன்றுதான் முதன்முதலாகச் சறுக்கினேன்.

பனியின் மேல் சூப் கடை போட்டிருந்த ஆன்ட்சே உன்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா, பொண்ணு காலுக்கே தாழ்ப்பாள் போட்டுட்டியா? ஓடிடுவான்னு பயமா?"

"ஓடட்டும்னுதான் போட்டேன் ஆன்ட்சே அக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். நீ அதைக் கழற்றி, பட்டாணி சூப் கிண்ணங்களுக்கு நடுவே ஒவ்வொரு துண்டாகப் பிரித்து வைத்தாய். அவ்கெ பூட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். "இவ்வளவுதானா?" "இவ்வளவுதான். அதுதான் அதோட அழகு" என்றாய். முன்பின் தெரியாத ஆட்கள் தோள் மேல் எட்டிப் பார்த்தார்கள். மனு அடுத்த திங்கட்கிழமைதான் போனது.

நீ பொய் எழுதிக் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. பனியில் நிற்பவர்களை நம்மில் யார் வெளியாட்கள் என்று எண்ணுவோம்? ஆனால் சட்டத்துக்கு அந்தச் சூப் மேசை பொது இடம். அங்கே காட்டிய பொருள் அதன் பிறகு புதியது இல்லை. காப்புரிமை நிற்காது.

எதிராளியான அவ்கெயின் சொல் மட்டும் போதாதாம். யார் காலில் இருந்ததோ அவள் வந்து சொல்ல வேண்டும் என்கிறார் அவனுடைய வக்கீல். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொன்னால் யார் வேண்டுமானாலும் தாங்கி செய்யலாம். நானும் நேராக நிற்பேன். ஆனால் உன் கையெழுத்து பொய்யாகிவிடும். வேலை போகும். செஸ்ட்நட் மரமும் வெறும் சுவரும் போகும்.

ரயில் நிலையத்தில் சொல்லாமல் விட்ட மற்றது இதுதான்: "நானும் வரேன்." வண்டி வரும் வரை அதை வாயிலேயே வைத்திருந்தேன்.

எழுது. "சொல்லாதே" என்றாவது ஒரு வரி எழுது.

ஹிஸ்கெ


வால்டம்
4 மார்ச் 2018

அன்புள்ள வீப்ரன்,

நீ எழுதவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்குக் காத்திருந்துவிட்டு, ஹேக் நீதிமன்றத்துக்குப் போய்ச் சொன்னேன். "அந்த நாள்ல ஐஸ் இருந்துச்சுன்னு எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்று உன் கம்பெனியின் வக்கீல் கேட்டார். பின் வரிசையில் இருந்த நம் ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஐஸ் வந்த நாளை யார் மறப்பார்கள்? காப்புரிமை ரத்தானது.

தீர்ப்பு வந்த சில வாரங்களில் நம் ஊர்ச் சறுக்குச் சங்கத்துக்கு முனிச்சிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. உறை இல்லை. தேயாத பூட்டின் படம், அளவுகளோடு. கீழே உன் கையெழுத்தில்: "அறிவிப்புப் பலகையில மாட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

எல்லோரும் பார்த்துவிட்ட பிறகு இனி யாரும் அதற்கு வேலி போட முடியாது. புரிந்தது. எனக்கென்று ஒரு வார்த்தை இருக்குமா என்று பலகையிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் சங்கத்தின் முகவரிதான் இருந்தது. பதிலாகத்தான் அனுப்பினாய் என்று ஒரு நாள் தோன்றுகிறது. இன்னொரு நாள், விடைபெற்றுக்கொண்டாய் என்று.

அந்த மாதமே கம்பெனியை விட்டுவிட்டாய் என்று சொல்லி, உன் அம்மா புது முகவரி கொடுத்தார். மற்றதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவ்கெ உன் படத்தை வைத்து எனக்குத் தாங்கி செய்துகொடுத்தான். பூட்டு பிடிக்கிறது.

கால்வாய் உறையப்போகிறது என்று தெரிந்ததும், புதன்கிழமையே உனக்கு ஒரு வரி அனுப்பினேன்: ஐஸ் வருகிறது. ஃப்ரீஸ்லாந்துக்காரனுக்கு அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

ஹிஸ்கெ

பி.கு.: வெள்ளிக்கிழமையும் நேற்றும் சறுக்கினேன். ஆன்ட்சே இரண்டு கிண்ணம் சூப் ஊற்றினாள். இன்று மதியம் பனி உருகத் தொடங்கியது. நீ வரவில்லை.