ஷாதிபூரில் பிரிக்காத பெட்டி

1968 மே 5, ஞாயிறு

வெயில். புழுக்கம். கப்பலின் ஆட்டம் இன்னும் காலில். தீவில் எங்கள் வீடு: பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை, சமையற்கட்டு, வாசலில் கொய்யா. மதுரையில் ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகைதான்! பின் ஜன்னலருகே முக்காலி போட்டு ஏறினால் கடல். ஏறி ஏறிப் பார்த்தாயிற்று.

என் துணிமணிகளை எடுத்து அடுக்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் தன் இரும்புப் பெட்டியைத் தொடவிடவில்லை. "அடுத்த கப்பல் வரட்டும் டீச்சர். பிடிச்சா இருப்போம். இல்லேன்னா அதுலயே ரெண்டு பேரும் திரும்பிடணும்." ஒப்புக்கொண்டேன். வேலை ஓய்ந்த பிறகு கடலோரம் இருக்க இங்கே வர ஆசைப்பட்டது நான். எனக்காக வந்தவர் அவர். நியாயம்தான். ஆனால் திரும்ப மனசில்லை.

மே 7, செவ்வாய்

ஐந்தரைக்கே பளீரென்ற வெயில். நேரமாகிவிட்டதென்று பதறி எழுந்தேன். இங்கே சூரியனுக்கு அவசரம். சாயங்காலம் ஆறுக்கெல்லாம் இருட்டு.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சவுக்காரம், கயிறு, வாளி, ஆணி. ஆணியின்மேல் அவர் கோடு போட்டுவிட்டார். "சட்டை பெட்டிக்குள்ள இருக்கு. ஆணி எதுக்கு?"

கடைக்கார பாய்க்குக் கீழக்கரைப் பக்கம். "உருளைக்கிழங்கு கதம், டீச்சரம்மா. ஜஹாஸ் வந்தாத்தான் மெயின்லேண்டு சாமான்." கதம் என்றால் தீர்ந்துவிட்டது; ஜஹாஸ் என்று கப்பலைச் சொல்கிறார். ஊரே அதற்குக் காத்திருக்கிறது. மெல்ல வரட்டும் என்பவள் நான் ஒருத்திதான்.

மே 9, வியாழன்

தெருக்குழாயில் காலையில் கொஞ்ச நேரமே தண்ணீர். வரிசையில் வங்காளம், தெலுங்கு, மலையாளம், ராஞ்சிக்காரர் பேச்சு. சண்டை மட்டும் எல்லாருக்கும் இந்தியில். எனக்குத் தெரிந்தது தண்ணீருக்குப் பானி, போதும் என்பதற்குப் பஸ், இல்லை என்பதற்கு நஹி. அதை வைத்தே ஒரு குடம் பிடித்துவிட்டேன்!

"ரயில்வேயில முப்பது வருஷம் குமாஸ்தா. ஒரு குடத்துக்கு இப்படி நின்னதில்ல" என்றார் அவர். பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு.

மே 12, ஞாயிறு

மழை! அண்டா, குடம், செம்பு எல்லாம் கூரை ஓரத்தில். எல்லாம் நிரம்பின. துரு, சருகு, பல்லி எச்சம்.

பக்கத்து வீட்டு வங்காள அம்மாள், தெருவுக்கே தீதி, அதாவது அக்கா, வேலிக்கு மேலே சிரிப்பு. "அரே மாஸ்டர்ணிஜி! பஹ்லா பானி சத் கா, தூஸ்ரா பானி கர் கா!" முதல் தண்ணீர் கூரைக்கு, அடுத்ததுதான் வீட்டுக்கு. சிலேட்டைத் துடைக்காமல் எழுதக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவ, பல்லித் தண்ணி பிடிச்சிருக்கா பாரு!" கப்பலேறிய பிறகு இதுதான் முதல் சிரிப்பு. பாத்திரம் தேய்த்துக் கை எரிகிறது. பரவாயில்லை.

மே 15, புதன்

ஜஹாஸ் வந்துவிட்டது. தெருவே ஜெட்டிக்கு, கப்பல் வந்து நிற்கும் துறைக்கு. பாதிப் பேருக்கு அதில் யாரும் வரவில்லை. ஆனாலும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போகிறார்கள். திருவிழா மாதிரி. தீதி, "சலியே தாதா!", வாங்க அண்ணா என்று அவரையும் இழுத்தாள்.

"டிக்கெட் விசாரிச்சுட்டு வரேன்."

மதியம் திரும்பினார். பை நிறைய உருளைக்கிழங்கு, வெங்காயம். ஜெட்டிக் கூட்டத்தைப் பற்றியே பேச்சு. டிக்கெட் பற்றி ஒன்றுமில்லை. நானும் கேட்கவில்லை. யோசிக்கிற பையனை அவசரப்படுத்தினால் தப்பாகத்தான் பதில் சொல்வான்.

மே 16, வியாழன்

விடியலில் இருந்து கொட்டு கொட்டென்று மழை. கப்பல் நாளை கிளம்புகிறதாம். பாத்திரமெல்லாம் ததும்பல். சமையற்கட்டில் இருந்தேன். உள்ளே தரதரவென்று சத்தம். அவர் பெட்டியை இழுக்கிறார். சரி, முடிந்தது என்று அடுப்பைத் தணித்துவிட்டு வந்தேன்.

துணியெல்லாம் கட்டிலில். வெறும் பெட்டி கூரை ஓரத்தில், வாய் திறந்தபடி.

"ஐயோ, துருப்பிடிச்சிடுமேங்க!"

"பிடிக்கட்டும். நல்ல தண்ணி வீணாப் போகுது பாரு. தூஸ்ரா பானி!"

வேலிக்கு அப்பால் தீதியின் கைதட்டல்.

கட்டிலில் வேட்டி சட்டை மலைபோல். இதையெல்லாம் எங்கே மாட்டுவது என்றேன். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாய் கடைக்கு. ஆணி வாங்க.