மூன்றாம் பக்கத்தில் எழுதியது

சூலை 8, 1974. திங்கள்.
கடுங்குளிர்; இந்நாட்டில் சூலை குளிர்காலம். பல்கலைக்கழகத்தில் பொதியியல், செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் அதன் பயிற்சி, நான்காம் வாரம். மீன் டின்கள். (தகரக்குவளை என்றால் அறைத்தோழர் சிவகுரு சிரிக்கிறார். டின் என்றே எழுதுகிறேன்.)
இன்று ஐந்து டின்களின் மூடி மடிப்பை அறுத்துப் பார்த்தேன். மூன்றில் குறை. மூடியின் விளிம்பு உடலின் விளிம்பை வேண்டிய அளவு கவ்வவில்லை. வெந்த டின் தண்ணீரில் ஆறும்போது அவ்விடுக்கு வழியே நீரை உறிஞ்சும். நீரோடு கிருமி.
மடிப்புப் பொறியை இயக்கும் ராய்: "ஷீல் பி ரைட், மேட்." எல்லாம் சரியாகிவிடுமாம்.
அதே தொகுதியில் பன்னிரண்டு டின்களைப் பல்கலைக்கழக வெப்பப் பெட்டியில் வைத்தேன். பத்து நாள் பார்க்க வேண்டும்.

சூலை 9. செவ்வாய்.
அறிக்கை. மூன்று பக்கம். ஆங்கிலத்தில் முதல் முயற்சி.
ப.1: தொழிற்சாலையின் தூய்மை, தொழிலாளரின் உழைப்பு, எனக்கு இடமளித்த பெருந்தன்மை.
ப.2: உணவைப் பொதியும் கலையின் வளர்ச்சி.
ப.3, இறுதியில்: மடிப்பில் குறை. இத்தொகுதியை நிறுத்துக.
ஊரில் மேடைப்பேச்சில் பத்தாண்டு பழகிய முறை. அவையை வணங்கு, உயர்த்து, பிறகு இடி.
சட்டை இரண்டு, சலவைக்கு.

சூலை 10. அறிவன் (புதன்).
மழை. மேலாளர் காலின் அழைத்தார். "லவ்லி ரிப்போர்ட்." கைகுலுக்கல். படிப்பு முடிந்ததும் வேலை; நான் இங்கேயே தங்கக் குடியுரிமைத் துறைக்குக் கடிதமும் அவரே தருவார். பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய நான்கு வழிகள்: வடிவமைப்பு, ஆய்வுக்கூடம், தரக்கட்டுப்பாடு, விற்பனை. எனக்கு மூன்றாவது.
தொகுதியை நிறுத்தினாரா என்று கேட்கவில்லை. நிறுத்தாமலா பாராட்டுவார்?

சூலை 11. வியாழன்.
வெப்பப் பெட்டியில் ஒரு டின்னின் மூடி தட்டையாக இல்லை. விரலால் அழுத்தினேன். உள்ளே போயிற்று. மெல்ல எழுந்து வந்தது.
மாலை, ஹோம்புஷில் எங்கள் அறை. சிவகுரு யாழ்ப்பாணத்தார், பொறியாளர். குசினியில் கோழி வேக, அறிக்கையின் படியை வாசித்தார்.
"ஐசே, இதென்ன கலியாண வாழ்த்தோ? விசயம் எங்க கிடக்கு?"
"மூன்றாம் பக்கம். இறுதியில்தான் இடிக்க வேண்டும், சிவகுரு. அதுவே முறை."
"வெள்ளைக்காரன் மூண்டாம் பக்கம் வரைக்கும் வாசிப்பான் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? நீர் கைதட்டு வாங்க முந்தி ஆக்கள் செத்துப் போயிடுவினம்."
சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

சூலை 12. வெள்ளி.
கிருமியின் வாயுவால் நான்கு டின்கள் உப்பிவிட்டன. ஒன்று வெடித்து, பெட்டி முழுதும் நாற்றம்.
செவன் ஹில்ஸ். காலின் மேசையில் என் அறிக்கை. முதற்பக்கத்தின் அடியில் "ஓகே", அவர் கையொப்பம். மற்ற இரண்டும் புரட்டாத தாள்கள். தொகுதி அறிவன் காலையிலேயே லாரி ஏறிவிட்டது.
வணக்கமில்லை. முன்னுரை இல்லை. "டின்கள் உப்புகின்றன. உண்டவர் சாகலாம். திரும்பப் பெறுங்கள்."
காலின் மூன்றாம் பக்கத்தை வாசித்தார். உதடு வெளுத்தது. "இதை ஏன் முதல் வரியில் எழுதவில்லை?"
கடைகளின் பட்டியலைக் கேட்டேன். வேலைக் கடிதம் பற்றி இனிப் பேச்சில்லை.
பதினாறு கடைகள். ஆளுக்கொரு தொலைபேசி. பதினைந்தில் விற்பனைக்கு வைக்கவில்லை; ஒதுக்கிவிட்டனர். பதினாறாவது என் பங்கு. மெல்பர்னுக்கு வடக்கே, கிரெய்கிபர்னில் சிறு கடை.
கடைக்காரப் பெண்: "எல்லாம் நேத்தே போச்சே, கண்ணு. ஒருத்தரே ரெண்டு பெட்டியும் எடுத்துக்கிட்டார். தேவாலயத்துல விருந்து."
"என்றைக்கு?"
"இன்னிக்கு. மதியம்."
டின்னில் நஞ்சு, தடுங்கள் என்றேன். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுத் தேவாலயத்துக்கு ஓடியிருக்கிறார். மறுமுனையில் கதவு அடித்த ஓசை. தொலைபேசி காதோடு. காலின் எதிரே நிற்கிறார். எழுதிக்கொண்டே காத்திருக்கிறேன், கை சும்மா இருக்க மறுக்கிறது.
மணி ஒன்று நாற்பது.
ஒன்று நாற்பத்தெட்டு. இன்னும் எவரும் தொலைபேசிக்குத் திரும்பி வர—