ஆமணக்கைப் பிடுங்கிய அதிகாரிக்கு

மண் விளைக, மாரி தவறாது பெய்க. ஏழு ஏரிகளையும் உடையவள், பஞ்சவெளி நாடாளும் நித்திலமாதேவி, வடகரைக் கூற்றத்து நாடுகண்காணி சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமது கூற்றத்தில் ஆவும் கன்றும் பெருகுக. உமது தலைப்பாகையும் வழக்கம்போல் கலையாது விளங்குக.

நாம் பவனி வந்தபோது வழியோர வயல்களெல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருக்கக் கண்டு மகிழ்ந்தோம். பருத்தியைச் சுற்றிப் பூச்சியரித்து நின்ற ஆமணக்குச் செடிகளை நம் கண்ணில் படாதிருக்க வேரோடு பிடுங்குவித்ததாகவும், வயலை அலங்கோலமாக வைத்திருந்த குற்றத்துக்கு எயினி என்னும் உழத்தியின் நிலத்தைப் பறித்ததாகவும், இத்தொண்டுக்குப் பட்டமொன்று வேண்டுமெனவும் பின்னர் எழுதியிருந்தீர். படித்ததும் மகிழ்ச்சி போயிற்று.

எயினியை அழைத்து வினவினோம். அந்துப்பூச்சிக்குப் பருத்தியைவிட ஆமணக்கின்மேல் ஆசை அதிகமென்றும், அதன் இலையடியில்தான் முட்டையிடுமென்றும், அவ்விலைகளை நாள்தோறும் கிள்ளிப் புதைத்தால் பருத்தி தப்புமென்றும், அதற்கென்றே வரப்போரம் நட்டதாகவும் உரைத்தாள். வாசலில் போட்ட பந்தியை அதிகாரி எடுத்துவிட்டதால் விருந்தாளிகள் அடுக்களைக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள் என்றும் நம் முகத்துக்கு நேரே சொன்னாள். அவையோர் திகைத்தனர், நாம் சிரித்துவிட்டோம். அதன்பின் மடியிலிருந்து ஒரு பருத்தியிலையை எடுத்து நீட்டினாள். இவ்வோலையில் நம் எழுத்தாணி இட்ட கீறல்களைவிட அதில் ஓட்டைகள் அதிகம். நம் கண் குளிர வேண்டுமென்று ஒருத்தியின் ஓராண்டு உழைப்பு புழுவுக்கு இரையாகிறதே என்று வெட்கப்பட்டோம்.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்டவுடன் நிலம் எயினியிடம் சேர்க. பருத்தியில் ஏறிய புழுக்களை ஏவலரை விட்டு அல்ல, உமது கையாலேயே பொறுக்குக. பொறுக்கியது போதுமா என்பதை அவள் பார்த்துச் சொல்வாள். வரப்பில் ஆமணக்கை மீண்டும் விதைக்க. அடுத்த பவனியில் பூச்சியரித்த ஆமணக்கே வழிநெடுக நமக்குத் தோரணமாக நிற்க வேண்டும்.

பட்டம் கேட்டீர் அல்லவா, மறுக்கவில்லை. அறுவடை முடிந்ததும் 'ஆமணக்குக் காவலர்' என்று அவள் வயலிலேயே உமக்குப் பரிவட்டம் கட்டப்படும். அதற்கான துணி அவள் வயல் பருத்தியில் மட்டுமே நெய்யப்படும். புழு எவ்வளவு மிச்சம் வைக்கிறதோ, பரிவட்டம் அவ்வளவே.

உமது தலையின் அளவை நாம் அறிவோம். விரைக.

கலப்பை பொறித்த நம் இலச்சினை இட்டோம். இது நித்திலமாதேவி எழுத்து.