தென்கரையில் ஒரு புள்ளியும் இல்லை

23 ஜன., வியாழன்

பனி. கிளியனூர் ஸ்டாப்பில் பஸ் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. கணக்கு டெஸ்ட் சுமார்.

ஏரிக் காவல் ஆட்களுக்கு இன்றிலிருந்து திண்டிவனத்தில் மூன்று நாள் பயிற்சி. அப்பாவும் போகிறார். பறவை வேட்டையைத் துப்பறிவது, முன்கூட்டியே தடுப்பது. எங்கள் பள்ளியில் இப்படி ஒரு பாடம் வைக்க மாட்டார்கள்.

அப்பா சொல்லி நான் எழுதிக்கொண்டவை:
- செத்த பறவையைத் தொடக் கூடாது. முதலில் போட்டோ.
- இடம், நேரம், சுற்றிலும் கிடப்பது (நூல், நெல், செருப்புத் தடம்).
- அடுத்து எங்கே வருவான் என்று யோசிக்க வேண்டும்.

அப்பாவுக்கும் வீட்டுப்பாடம். ஏரிப் படம் வரைந்து, போன வருடம் வலையோ செத்த பறவையோ கிடைத்த இடங்களில் சிவப்புப் புள்ளி. நான் வரைகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

24, வெள்ளி

சார்ட் முடிந்தது. வடகரை, மதகு, கலங்கல் எல்லாம் சிவப்பு. தென்கரைக் கோரைப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

"அங்க ஒண்ணுமே கெடைக்கலயாப்பா?"

"அங்க யாரும் வர்றதில்ல."

அம்மா தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். "ஆறுது, துன்னுட்டு வரை."

சந்தோஷமாக இருந்தது. தென்கரையில் பச்சை ஸ்கெட்ச்சால் எழுதினேன்: 'பறவைகளுக்குப் பாதுகாப்பான இடம்.' அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

25, சனி

லீவு. சார்ட்டைப் பிடித்துக்கொண்டு அப்பா வண்டியில் போனேன். பயிற்சி மேடம் என் எழுத்து அழகு என்றார்.

பிறகு எல்லாரிடமும் கேட்டார்: "புள்ளி இருக்கற இடத்த விடுங்க. பறவை அதிகமா எறங்கற இடம் எது?"

அப்பாவோடு வேலை செய்யும் மாரி அண்ணன், "தென்கரை கோரைதாங்க. சாயந்திரமானா கூச்சல் தாங்காது."

"அங்க புள்ளியே இல்லையே."

"அங்க எறங்கறதுக்கு மட்டும் ஆயுசு கெட்டிங்க மேடம்."

சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மேடமும் இல்லை. "காவல் போகாத இடத்துலயும் புள்ளி விழாது. தென்கரை யார் பாக்கறது?"

மாரி அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குப் பேச வரவில்லை போல என்று நான் எழுந்து சொன்னேன். "எங்க அப்பாதான் மேடம். எங்க சேகர் மாமா, அம்மாவோட தம்பி, தெனமும் அங்கதான் மாடு மேய்ச்சிக்கினு இருப்பாரு. அவர கேட்டா தெரியும்."

மதியம் செய்முறைப் பயிற்சி தென்கரையில் என்று முடிவானது. என்னை ஜீப்பிலேயே இருக்கச் சொன்னார்கள். இறங்கிப் போனேன். கோரைக்குள் நீளமாக வலை. பக்கத்தில் சாக்கு, அசைந்தது. உள்ளே நாமக்கோழிகள், ஏரியில் நீந்தும் கறுப்புப் பறவைகள், இறக்கை முறுக்கிக் கட்டி. உயிரோடு.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே அப்பா செய்தார். போட்டோ. இடம். நேரம். அவரே எழுதினார். நெடுநேரம் ஆனது.

"யார் வலைன்னு தெரியுமா?" மேடம்.

"தெரியுங்க. என் மச்சான்து."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

கட்டு அவிழ்த்தும் சில பறக்கவில்லை.

26, ஞாயிறு

கொடியேற்றம். மிட்டாய் வாங்கவில்லை. மாமா பெண் கவிதா, என் வகுப்பு, வரவில்லை.

மாமாவை நேற்று மாலையே வனத்துறைக்காரர்கள் கூட்டிப்போய்விட்டார்கள். அத்தை வந்து வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னாள். "உன் பொண்ணு நல்லா படிக்குதுக்கா." அவ்வளவுதான். போய்விட்டாள்.

அப்பாவை மறு உத்தரவு வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போகலாமா என்று விசாரிக்கிறார்.

அம்மா என்னோடு பேசவில்லை.

27, திங்கள்

கவிதா கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டாள். நோட்டு கேட்டேன். "என் நோட்ல என்னா கண்டுபுடிக்கப்போற?" என்றாள். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாலை அப்பா, "ஒரு லெட்டர் எழுதணும். விழுப்புரம் ஆபீசுல விளக்கம் கேட்டுக்கிறாங்க."

"தெரியாதுன்னு எழுதவாப்பா?"

"தெரியும்னு எழுது. தெரிஞ்சும் அந்தப் பக்கம் போவலன்னு எழுது."

எழுதினேன். ஏன் போகவில்லை என்று கேட்பார்களே என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்தது அவன் ஒருத்தந்தான்."

அதையும் எழுதிவிட்டேன். பார்த்ததும், "அத அடிச்சிடு" என்றார். அடித்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு முதல் பேச்சு. "ஏன் அடிக்கிற? நெசந்தான? இருக்கட்டும்."

 அடித்த வரிக்கு மேலேயே மறுபடி எழுதினேன்.