பக்கத்து அறையில் ஒரு ஜோடிக் காது

ஜூன் 3

இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் இன்று புது இங்கிலீஷ் வகுப்பு. படிக்கப்போகிற பெண்ணின் கணவரே என் வீடு தேடி வந்து ஏற்பாடு செய்தார். "சும்மாதான இருக்கா டீச்சர், கத்துக்கட்டும்." டீயும் அவரே போட்டார். தங்கமான மனுஷன்.

அவர் கூடத்துக்குப் போனதும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "இருபத்தொண்ணாம் தேதி ஆஸ்பத்திரி வேலைக்கு இன்டர்வியூ அக்கா. அவருக்குத் தெரியாது."

ஜூன் 6

இன்று 'ஹியர்', 'லிசன்'. முன்னது தானாகக் காதில் விழுவது, பின்னது நாமாகக் காது கொடுப்பது. எனக்குக் கேக்குது, நான் கேக்கறேன் — நம்மிடமே அந்த வித்தியாசம் உண்டே என்றேன். லிசனுக்குப் பின்னால் 'டு' வேண்டும், ஹியருக்கு வேண்டாம். 'ஐ ஆம் லிசனிங்' எனலாம்; 'ஐ ஆம் ஹியரிங்' என்று பொதுவாகச் சொல்வதில்லை.

உதாரணம் கேட்டேன். "ஹி லிசன்ஸ் டு மை போன் கால்ஸ்."

இலக்கணம் சுத்தம். 'வெரி குட்' என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த 'ஹி' யாரென்று உறைத்தது. மரமண்டை.

ஜூன் 10

கூடத்தில் பேப்பர் புரளும் சத்தமே இல்லை. ஒரு மணி நேரமா ஒரே பக்கம் படிப்பார்?

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "போன தடவை உதாரணம் காதுல விழுந்துச்சு டீச்சர். வீட்டு விஷயம் வேண்டாமே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விழுந்ததாம், தானாக!

நான் ஏன் படியில் அவசர அவசரமாக இறங்கினேன்? நான் என்ன திருடினேனா?

ஜூன் 13

இந்த வெயிலில் அவள் கழுத்தைச் சுற்றி ஷால். கேட்டதும் அதை இன்னும் இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

சத்தமாகப் பாடம் நடத்திக்கொண்டே புத்தக ஓரத்தில் என் விலாசத்தை எழுதிக் காட்டினேன். உதடு அசையப் படித்தாள். ரப்பரால் அழித்தாள்.

ஜூன் 14

அவர் போன் செய்தார். "கிளாஸ் போதும் டீச்சர். சொன்னா கேக்கற பொண்ணு, கெடுத்துடாதீங்க." வாயை வைத்துப் பிழைக்கிறவள் நான், 'சரிங்க' என்று போனை வைத்துவிட்டேன். பயந்துட்டேன், வேற என்ன.

ஜூன் 17

அந்தப் பக்கமாக நடந்தேன். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

ஜூன் 20

மதியம் வந்துவிட்டாள். காலில் செருப்பில்லை. சான்றிதழ்களை வயிற்றோடு கட்டியிருந்தாள். "இன்னிக்கு மட்டும் இருந்துக்கறேன் அக்கா."

"இன்னிக்கு மட்டும் என்னடி? இரு. முதல்ல சாப்பிடு."

சாப்பிட்டு முடிப்பதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது. மணி அடிக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. கதவடியில் அவர் நிழல் மட்டும். போலீசுக்குச் சொல்லிவிட்டேன், வருகிறார்களாம்.

அவள் எழுந்து கதவருகே போனாள். "நான் வரல," என்றாள். நிழல் நகரவில்லை.

இப்போது நாளைய இன்டர்வியூவுக்கான பதில்களைச் சொல்லிப் பார்க்கிறாள், வாசல்வரை கேட்கிற குரலில். பைக் இன்னும் கிளம்பவில்லை.