பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்

செவ்வாய், இரவு.

இன்று குருக்களாகப் படிக்கும் எங்கள் குருமடத்தில், பாவமன்னிப்புக்கு வருபவரின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பயிற்சி. நான் குருவாக உட்கார்ந்தேன். பேராசிரியர் பாவியாக வந்து முழந்தாளிட்டார்.

"தோட்டத்துத் தகராறுல அண்ணன் சாவுக்கே போகலீங்க சாமி."

"பரவால்லீங்க" என்றேன். பஸ்ஸில் காலை மிதித்தவரிடமும் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, எழவுமில்லை.

"பரவால்லைன்னா நான் எதுக்குங்க முட்டி போட்டிருக்கேன்?"

அந்தக் கேள்வியை இங்கே மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். குருப்பட்டம் வாங்கியபின் நிஜமாகவே ஒருவர் இப்படி வந்து நிற்பார்.

நாளையும் என்னையே குருவாக உட்காரவைக்கும்படி பேராசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தேன். யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். அண்ணன் சாவுக்குப் போகாத அந்த மனிதரை, நடிப்புக்குக்கூட இனி மன்னிப்பில்லாமல் வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன்.